எடுக்காமல் இருக்கத் தெரிந்த போன்

ஜிஞ்சா,
புதன்கிழமை.

எம்பாலே கிளையை ஆளும் என் அக்கா நலுபேகா அவர்களுக்கு, ஜிஞ்சா கிளையை இன்னும் விட்டுக்கொடுக்காத தம்பி கிவூம்பி பணிவோடு எழுதுவது. இங்கே நான், மனைவி, பிள்ளைகள், இருநூற்றைம்பது வாடகை நாற்காலிகள் எல்லோரும் நலம். அங்கே அத்தானும் பசுக்களும் நலமா? மழை உண்டா?

“இந்த மாசத்துக்குள்ள கடைக்கு ஒழுங்கா ஒரு இன்டர்நெட் போன் போடு. இல்லேன்னா கடையப் பூட்டிட்டு நாற்காலியெல்லாம் லாரியில ஏத்திடுவேன்” என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் விலை உயர்ந்த ஒன்றைத்தான் போட்டேன். அது மணி முழுதாக அடிப்பதற்குள் தானே எடுத்து, ‘பந்தலுக்கு ஒன்றை அமுக்கவும், நாற்காலிக்கு இரண்டை அமுக்கவும்’ என்று பெண் குரலில் தேன் ஒழுகப் பேசும். நம் வாடிக்கையாளர் யாராவது என்றைக்காவது பேசுவதற்காக நமக்குப் போன் செய்திருக்கிறார்களா, அக்கா? மிஸ்டு கால் கொடுப்பார்கள், நாம் திருப்பிக் கூப்பிடுவோம். பாழாய்ப்போன யந்திரம் அத்தனை மிஸ்டு காலையும் எடுத்துவிட்டது! மகளைப் பெண் கேட்டு வரும் சடங்குக்கு நானூறு நாற்காலி சொல்ல இருந்த கல்யாங்கோ பெரியவர் மனைவியோடு நேரிலேயே வந்துவிட்டார்.

“என் மிஸ்டு கால எடுத்தவன் எவன்டா? பதினோரு வருஷத்துல ஒருத்தனும் எடுத்ததில்ல!”

“அந்தப் புதுப் பொண்ணுக்கு மரியாதையே தெரியலப்பா. வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு மூணு தடவ கேட்டேன். ‘ரெண்ட அமுக்கு’ங்குறா” என்றார் அந்த அம்மா.

இருவரும் எதிரே உள்ள வாடகை நாற்காலிக் கடைப் பக்கம் நடந்தபோது, நம் கடையே நடந்து போவதுபோல இருந்தது. அன்றே போன் விற்கும் வன்யாமாவைப் பிடித்தேன்.

“பேச்சப் பதிவு பண்ணலாம், ஏழு கிளைய இணைக்கலாம். உங்களுக்கு என்ன வசதி வேணும், ஐயா?”

“எடுக்காம இருக்கத் தெரியுமா அதுக்கு?”

விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் கெட்டிக்காரன், அப்படியும் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். இரண்டு முறை மணி அடிக்க விடும், துண்டிக்கும், பிறகு தானே திருப்பிக் கூப்பிட்டு என் மனைவியிடம் கொடுக்கும். அவள் வீடு, பசு, வாழைத்தோட்டம், மழை எல்லாம் விசாரித்து முடித்த பிறகே நாற்காலிக்கு வருவாள். இன்று காலை கல்யாங்கோவிடமிருந்து மிஸ்டு கால்! பேசி முடித்தபோது நானூறு நாற்காலியும் நமக்கே. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன், அக்கா. சடங்கு சனிக்கிழமை. உங்கள் நாற்காலியில் நூற்றைம்பது வேண்டும். கடிதம் வந்து சேருமுன், இன்று மாலையே கூப்பிடுகிறேன், லாரி விஷயத்தைப் பேசிக்கொள்வோம். இனி போனைப் பற்றிய கவலையே வேண்டாம்.

உங்கள் தோட்டத்தில் வாழைத்தார் ஒழியாமலும், வாசலில் விருந்தாளி குறையாமலும் இருக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்,
கிவூம்பி

பின்குறிப்பு: மாலையிலிருந்து முப்பத்தெட்டு முறை கூப்பிட்டுவிட்டேன். உங்கள் போன் துண்டித்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறது. என் போன் துண்டித்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறது. வன்யாமாவைக் கேட்டால், “உங்க அக்காவும் திங்கக்கிழமை இதே போனத்தான் வாங்கினாங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விட்டுக்கொடுக்குது, ஐயா” என்கிறான். “நான்தானே தம்பி, என்னோடத எடுக்க வை” என்றேன். “வெச்சா கல்யாங்கோவோட மிஸ்டு காலையும் எடுத்துடுமே!” என்கிறான். ஆகவே, நாளைக் காலை முதல் பேருந்தில் நானே வருகிறேன், இந்தக் கடிதமும் என் கையிலேயே வருகிறது. இரண்டு தட்டு தட்டுவேன். தயவுசெய்து கதவைத் திறந்துவிடுங்கள், அக்கா.