தும்மும்போது சுடக்கூடாது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. நேற்று வைத்த குழம்பு என்னவென்று இன்று கேட்டால் முழிப்பேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்லுவேன். போடிநாயக்கனூரில் டுமீலு பாயிடம் குண்டடி படாத ஆளே கிடையாது. நானும் பட்டிருக்கிறேன்.

பயப்பட வேண்டாம். எல்லாம் டி.வி.க்குள்தான்.

பாய் ஏலக்காய் வியாபாரி. அவர் குடோனில் நானும் சிலமலைப் பேச்சியும் இன்னும் சில பெண்களும் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவோம். பெரிய காய் தனி, சின்னது தனி, வெடித்தது தனி. மூலையில் முதுகு பெருத்த பழைய டி.வி. ஒன்று இருக்கும். அதோடு ஒரு விளையாட்டுப் பெட்டி. போட்டால் தொப்பி வைத்த இரண்டு பேர் ஆளுக்கொரு ஓரத்தில் வந்து நிற்பார்கள். நடுவில் ஒரு கள்ளிச்செடி. இருவருக்கும் மூஞ்சி கிடையாது, செங்கல் அடுக்கினது போல உடம்பு. ஒருத்தனை ஒருத்தன் சுட வேண்டும், அவ்வளவுதான். குண்டு பட்டவன் சாக மாட்டான். பொத்தென்று உட்காருவான், பிறகு எழுந்துகொள்வான்.

ஆட்டுவதற்குக் குச்சியும் சிவப்புப் பட்டனும் வைத்த சின்னப் பெட்டி இரண்டு உண்டு. பாய் அதைத் துப்பாக்கி என்றுதான் சொல்லுவார். "ஆத்தா, அந்தத் துப்பாக்கிய எடுத்துத் தூசி தட்டி வையி" என்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கதவுப் பக்கம் பார்ப்பார்கள்.

மலையிலிருந்து ஜீப்பில் மூட்டையோடு யார் வந்தாலும், "காய அப்புறம் பாப்போம். வாங்க, மொதல்ல ஒரு ஆட்டம்" என்று உட்கார வைத்துவிடுவார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாளத் தோட்டக்காரர் ஒருவர், "எந்தா பாய், ஞான் ஏலக்காய் விக்கான் வந்நதாணு" என்று அழாத குறையாகச் சொன்னார். விளையாடினார், ஜெயித்தும் விட்டார். அன்றைக்குப் பாய் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. வந்த மூட்டையை, அதுதான் தன்னைச் சுட்டது போல முறைத்துக்கொண்டே இருந்தார்.

கரண்டு போனால் ஆட்டம் முடிந்தது என்று ஊருக்கே தெரியும். பாய் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். "யாரும் அசையாதீக! எ ஆளு கள்ளிக்குக் கீழ நின்னான், ஒ ஆளு மேல. கரண்டு வந்ததும் அங்கனயேதான் நிக்கணும்." ஒரு லாரி டிரைவர் இப்படித்தான் லோடை ஏற்றிவிட்டு, இருட்டு டி.வி. எதிரில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

அத்தனை வெறி இருந்தும் நியாயம் தப்ப மாட்டார். பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டால் இரண்டு துப்பாக்கியும் கீழே வந்துவிட வேண்டும். குனிந்தவனைச் சுடக்கூடாது. டீ குடிப்பவனைச் சுடக்கூடாது. எதிராளிக்குப் பெண்சாதி போன் பண்ணினால், "பேசி முடிப்பா, பாவம்" என்று காத்திருப்பார்.

எனக்குக் கூச்சம். ஒரு நாள் என்னையும் உட்கார வைத்துவிட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். பொத்தென்று சத்தம். திறந்து பார்த்தால் பாயின் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"ஆத்தா, கண்ண மூடிக்கிட்டுச் சுட்டா அது சண்டையில்ல, கொல!" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்து விளையாடி, எல்லா ஆட்டமும் தோற்றேன்.

இத்தனை பேரோடு விளையாடினாலும் அவருக்குச் சரியான ஜோடி அவர் தம்பிதான். சின்னவர் என்போம். அத்தா இல்லாமல் வளர்ந்த பிள்ளை என்று (அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள்), தம்பிக்காகத்தான் அந்தப் பெட்டியையே பாய் வாங்கினாராம். பாய்க்குக் குழந்தை இல்லை. சின்னவர் மகள் நசீமா அவர் தோளில்தான் வளர்ந்தாள்.

அப்படிப்பட்ட அண்ணனும் தம்பியும் ஒரு நாள் பிரிந்தார்கள். ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது ஏலக்காய்த் தூசி ஏறிப் பாய் தும்மினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி மூக்கைத் துடைப்பதற்குள் சின்னவர் சுட்டுவிட்டார். பாய் எழுந்தார். "இனி நீ யாரோ, நான் யாரோ" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சின்னவர் அடுத்த தெருவில் தனிக்கடை போட்டார். ஊரில் சொத்துத் தகராறு என்று பேசிக்கொண்டார்கள். தும்மல் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

வருசம் ஓடியது. நசீமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் குடோனுக்கு வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"பெரியத்தா வராம நா நிக்காவுக்கு உக்கார மாட்டேன்."

"ஒரு குண்டுக்காடி இம்புட்டு ரோசம்?" என்றாள் பேச்சி.

"குண்டுக்கு இல்லக்கா. எங்கள்ல ஒருத்தர் தும்மி அல்ஹம்துலில்லாஹ்னு சொன்னா, கேட்டவுக 'யர்ஹமுக்கல்லாஹ்'னு சொல்லணும். அல்லா ஒனக்கு எரக்கம் காட்டட்டும்னு அர்த்தம். வழிப்போக்கனே சொல்லுவான். கூடப் பொறந்தவன் சொல்லாம சுட்டுட்டானேன்னுதான் பெரியத்தாவுக்கு வலி."

பாய் காதில் எல்லாம் விழுந்தது. டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரச் சொல்லு ஒங்க அத்தாவ. எ எதுக்க உக்காந்து தும்மட்டும். நா சுடுறேன். அப்புறம் கல்யாணத்தப் பேசுவோம்."

மறுநாளே நசீமாவோடு சின்னவர் வந்தார். துப்பாக்கியை எடுத்து எதிரில் உட்கார்ந்தார். தொப்பிக்காரர்கள் இருவரும் சுடாமல் நின்றார்கள். தும்மல் வர வேண்டுமே? வரவில்லை. பேச்சி சும்மா இருப்பாளா? முறத்தை எடுத்து அவர் பக்கத்தில் காய்த்தூசியைப் புடைத்தாள். நான் தும்மினேன். பேச்சி தும்மினாள். நசீமா தும்மினாள். வாசலில் நின்ற ஜீப் டிரைவர்கூடத் தும்மினார். சின்னவருக்குக் கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது, தூசியாலா வேறெதாலா என்று தெரியவில்லை.

"போதும், விடுங்கக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார். அப்போது வந்தது ஒரு தும்மல்! டி.வி. மேல் இருந்த டம்ளர் ஆடியது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பாயின் விரல் பட்டன் மேல் இருந்தது. விரல் அமுங்கவில்லை. பாயின் உதடுதான் அசைந்தது.

"யர்ஹமுக்கல்லாஹ்."

சொல்லிவிட்டுப் பாய் துப்பாக்கியைக் கீழே வைத்தார். சின்னவர் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் இரண்டாவது தும்மல் வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவர் கை பட்டனை அமுக்கிவிட்டது. குண்டு நேராகப் போனது. பாயின் ஆள் பொத்தென்று உட்கார்ந்தான்.

பேச்சி முறத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். பாய் டி.வி.யைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார்.

"மூக்கத் தொடடா மொதல்ல. மாப்ள வீட்டுக்காரக வர்றப்ப இப்பிடியா ஒழுகிக்கிட்டு நிப்ப?"

நசீமா ஓடிவந்து பாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் எல்லோரையும் வரவேற்றது பாய்தான். மாப்பிள்ளையை மட்டும் ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "தும்முறவனச் சுடுவீகளா மாப்ளே?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை மிரண்டுபோய், "நா துணிக்கட வச்சிருக்கேன் மாமா" என்றது.

கண் மங்கிவிட்டதால் நான் இப்போது வேலைக்குப் போவதில்லை. பாய் அதே குடோனில்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சின்னவர் வருவார். மற்ற நாட்களில் ஆட ஆள் இல்லாமல் இரண்டாவது துப்பாக்கி சும்மாதான் கிடக்கும். நான் வேறு சாமி கும்பிடுகிறவள், தும்மலுக்குச் சொல்லும் அந்தத் துவாவைச் சரியாக எழுதினேனா என்று தெரியவில்லை. கள்ளிச்செடி ஒன்றா இரண்டா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. போடிப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரிடமே கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள். சும்மா கேட்டால் சொல்ல மாட்டார். எதிரில் உட்கார்ந்து, ஒரு ஆட்டம் தோற்றுவிட்டுக் கேளுங்கள்.