வாத்தியார் பையில் கூவிய சேவல்

ஒன்று வகுப்பில் செல்போன் இருக்க வேண்டும், இல்லை ரவிக்குமார் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று பிளஸ் ஒன் இயற்பியல் ஆசிரியர் ரவிக்குமார் முடிவு கட்டிவிட்டார். அவிநாசி ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் அவர் கொண்டுவந்த சட்டம் சின்னதுதான். வகுப்பில் யார் போன் அடித்தாலும் அது தலைமையாசிரியை மேசைக்குப் போய்விடும். வீட்டிலிருந்து கார்டியன் நேரில் வந்தால், அவர் கையில் கொடுப்பார்கள். பிள்ளைக்கு எப்போது திருப்பித் தருவது என்பது கார்டியன் பாடு.

இந்தப் பிரதாபத்தைச் சாயங்காலம் மனைவி செவ்வந்தியிடம் சொன்னார். வலது கையில் தோசை, இடது கையில் போன். கண் இரண்டும் போனில்.

"ஏனுங்க, இந்தச் சட்டத்த நம்மூட்டுலயும் போட்டா என்னங்க?"

"ஊடு வேற, கிளாஸ் வேற அம்மணி. சட்டம் கிளாசுக்குள்ளதான் செல்லும்."

"கிளாசுக்குள்ள வாத்தியாருக்குமுங்களா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

வீராப்பாகச் சொல்லிவிட்டு, தோசையைத் தண்ணீர் டம்ளரில் தொட்டுத் தின்றார். சட்னி அப்படியே இருந்தது. செவ்வந்தி சண்டை போட்டும் பார்த்துவிட்டாள், நாலு நாள் பேசாமல் இருந்தும் பார்த்துவிட்டாள். அவள் பேசவில்லை என்பதையே மனுஷன் கவனிக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

மறுநாள் காலை போனைக் காணோம்.

"என்ற போனு எங்க அம்மணி? ஒரு ரிங் உடு, பார்க்கலாம்."

"என்ற போன்ல சார்ஜு இல்லீங்க. எங்கயாச்சும் கெடக்கும், நீங்க கெளம்புங்க. பெல் அடிச்சுருவாங்க."

அரிசி டிரம் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. நேரமாகிவிட்டது. அவள் நீட்டிய சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு ஓடியவர், ஆசிரியர் அறைக்குக்கூடப் போகாமல் நேரே வகுப்புக்குள் நுழைந்து, பையை மேசைமேல் வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார். அன்றைக்கு ஒலி அலைகள்.

"ஒலி என்பது..."

"கொக்கரக்கோ!"

வகுப்பே சிரித்தது. ரவிக்குமார் ஜன்னலுக்கு ஓடினார். வெளியே பள்ளிப் பேருந்துதான் நின்றது. சேவல் இல்லை, சேவலின் இறகு கூட இல்லை.

"கொக்கரக்கோ!"

"இது போனுங்க! ஆருதுங்க? மரியாதையா எடுத்துக் குடுத்துருங்க கண்ணு!"

கோபத்திலும் 'ங்க' விடமாட்டார், ஊர்ப் பழக்கம். எல்லாப் பைகளையும் கொட்டிப் பார்த்தார். சீப்பு வந்தது, கடலை மிட்டாய் வந்தது, நவநீத் பையிலிருந்து வாடிப்போன மாங்காய்த் துண்டு கூட வந்தது. போன் வரவில்லை. அவர் கடைசி பெஞ்சுக்குப் போனால் சேவல் முன்னால் கூவியது. முன்னால் ஓடி வந்தால் நின்றுபோனது. ஒலி எப்படிப் பரவுகிறது என்று இருபது வருஷமாகப் பாடம் நடத்திய மனுஷனுக்கு, ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியை ராமாமணி வந்துவிட்டார்.

முதல் பெஞ்சு தேஜஸ்ரீ எழுந்தாள். "மேடம், சாரோட சாப்பாட்டுப் பைக்குள்ளதாங்க கூவுது."

பையைத் திறந்தார்கள். சாப்பாட்டுத் தூக்குப்போசிக்கு அடியில், துண்டில் சுற்றியபடி ஒரு போன். திரையில் 'செவ்வந்தி' என்று மின்னியது.

"என்னுது சேவலாட்டக் கூவாதுங்களே மேடம்..." ரவிக்குமார் திருதிருவென்று விழித்தார். "ஆனா பார்த்தா என்னுதாட்டத்தான் இருக்குதுங்க."

ராமாமணி போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரர் போனு கிளாஸ்ல அடிச்சுருச்சுங்க. கார்டியன் நேர்ல வரோணும்."

"வந்துட்டனுங்க மேடம். பள்ளிக்கூடக் கேட்டுக்கு முன்னாலதான் நிக்கறேன்."

பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக வந்தாள். தலைமையாசிரியை அறையில் பெற்றோருக்கு ஒரு நாற்காலி உண்டு. செவ்வந்தி அதில் உட்கார்ந்தாள். மிச்சம் இருந்த இடம் பிள்ளைகள் நிற்கும் மூலை. ரவிக்குமார் அங்கே போய் நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே விளங்கவில்லை.

"ஊட்டுல எப்படிங்க?" வழக்கமாக எல்லாப் பெற்றோரிடமும் கேட்பதை ராமாமணி கேட்டார்.

"மத்ததுல தங்கமானவருங்க மேடம். போனை எடுத்துட்டா மட்டும் தட்டுல என்ன இருக்குது, எதிர்ல ஆரு இருக்கறாங்கன்னு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

ராமாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அவளிடம் கொடுத்தார். செவ்வந்தி அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அம்மணி... எப்பத் திருப்பிக் குடுப்ப?"

"உங்க பரிட்சை முடியட்டுமுங்க, தாரேன்."

"எனக்கு ஏது பரிட்சை?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."