வியர்த்தால் விதை

மாதவிடாய் நிற்கும் வயதை ஒரு பெண் எட்டியதும் அவளைச் சுற்றித் தானாக முளைக்கும் ஓர் உயிரினம் உண்டு. பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, வெட்கமும் கிடையாது. 'இயற்கை ஆலோசகர்' என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கைக்குட்டையால் ஒருமுறை நெற்றியைத் துடைத்தால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

என் சித்தி இஸ்திரி போடும் தையல் கூடத்தில் அப்படி ஒருவர், பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவர். அவர் பையில் நூல்கண்டைவிட ஆளிவிதை அதிகம். "ஒரே வாரம். உள்ள இருக்கிற சூடெல்லாம் ஓடிடும்." ஓடவில்லையா? நீங்கள் காபி குடித்திருப்பீர்கள். குடிக்கவில்லையா? கோபப்பட்டிருப்பீர்கள். அதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நம்பிக்கை போதாது. அவர் மருந்து தோற்றதாகச் சரித்திரமே இல்லை, தோற்பது உடம்புதான்.

டாக்டர் என்றால் முகம் சுளிப்பார். அவர்கள் நீட்டுவது மாத்திரை, ரசாயனம். இவர் நீட்டுவது பெயர் ஒட்டாத டப்பா, ஆகவே இயற்கை.

சித்திக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடம். போன மாதம் திடீரென்று மறுபடி இரத்தம் பட்டது. இரண்டு நாள் தயங்கி, காஜாக்காரரிடம் வாய் திறந்தாள்.

"அக்கா, எனக்கு மறுபடியும்..."

"வேர்க்குதா? தெரியும், தெரியும். மூஞ்சியிலயே எழுதியிருக்கே."

டப்பா கைமாறியது. மூன்று வாரம் சித்தி பொடியை விழுங்கினாள், கூடவே பயத்தையும். நான்காவது வாரம் மறுபடி இரத்தம் பட்டதும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். அன்றுதான் எனக்கே விஷயம் தெரியும்.

டாக்டரம்மா பொடியைத் திட்டவில்லை. நடப்பது நல்லது, மூச்சுப் பயிற்சி நல்லது, வியர்வைக்கு மருந்தும் இருக்கிறது, எல்லாவற்றையும் பிறகு பேசலாம் என்றார். "உங்களுக்கு என்ன செய்யுது? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சித்தி அழுதுவிட்டாள். இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

கருப்பையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வரும். அதுவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

பழியைக் காஜாக்காரர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அந்த மூன்று வாரத்தின் நடுவில்தான் நான் ஊர் ஊராகச் சுற்றி முடித்து வீடு திரும்பினேன். பெட்டியைத் திறந்ததும் சித்திக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது என்ன? ஏதோ ஒரு மலைச்சந்தையில் வாங்கிய காய்ந்த பூத்தேநீர். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி" என்றாள். "மொதல்ல இதைக் குடிங்க சித்தி" என்றேன்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் சித்திக்குச் சொல்லியனுப்ப ஒரு கைமருந்து இப்போது உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறதா? நின்றால், தயவுசெய்து உங்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.