பக்கெட் சாரின் ஆயுத பூஜை

நெருப்பைக் கண்டு பயந்த மனிதர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். ஒரு மனிதரைக் கண்டு நெருப்பு பயந்ததை நான் பார்த்திருக்கிறேன். சித்தூர் ஜில்லாவிலேயே அப்படிப்பட்டவர் எங்கள் பக்கெட் சார் ஒருத்தர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

தெருவுக்கு ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளை கம்ப்யூட்டர் படித்தால் பெங்களூர், பெங்களூர் போனால் அமெரிக்கா என்று ஊரே கணக்குப் போட்டு வைத்திருந்தது. சித்தூரில் அப்படி முளைத்த ஒரு பள்ளியில் நான் பயாலஜி டீச்சர். பக்கெட் சார் கெமிஸ்ட்ரி. லேபுக்கும் அவர்தான் பொறுப்பு. என் மகளும் அங்கேதான் ஒன்பதாவது படித்தாள்.

லேப் வாசலில் சிவப்பு பக்கெட்டில் மணல் வைப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு. எங்கள் பள்ளியில் லேபுக்குள்ளே, ஸ்டாஃப் ரூமில், மாடிப்படியில், கரஸ்பாண்டென்ட் அறையில் என்று எங்கே திரும்பினாலும் பக்கெட். கரஸ்பாண்டென்ட் என்றால் பள்ளிக்கூட முதலாளி. அவர் தம் அறையில் இருந்த பக்கெட்டில் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டார் என்று சார் அந்த மணலை வெயிலில் காயவைத்து, சலித்து, மறுபடி கொண்டுபோய் வைத்தார். மறுநாள் அவர் மறுபடி துப்பினார். இவர் மறுபடி சலித்தார். இரண்டு பேருமே சளைக்கவில்லை.

லேபுக்குள் ரப்பர் செருப்பு கூடாது என்பது அவருடைய அடுத்த சட்டம். பாதிப் பிள்ளைகளுக்கு இருந்ததே ரப்பர் செருப்புதான். அதற்காக ஊரெல்லாம் பழைய பூட்ஸ் கேட்டு வாங்கி வாசலில் குவித்து வைத்திருந்தார். இடது காலுக்கு போலீஸ்காரர் பூட்ஸ், வலது காலுக்கு யாரோ ஒரு பாப்பாவின் பூட்ஸ் என்று மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நொண்டி நொண்டி உள்ளே போகும். பார்த்தால் சிரிப்பு தாங்காது. "சிரிங்க டீச்சரம்மா, நல்லா சிரிங்க. ஆசிட் கால் மேல ஊத்திச்சின்னா அப்ப யாரும் சிரிக்கமாட்டாங்க" என்பார். நான் வாயைப் பொத்திக்கொள்வேன்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் இருந்தது. லேபில் ஸ்பிரிட் விளக்கின் மேல் பீக்கரை வைத்து டீ போடுவோம். பீக்கர் டீக்குத் தனி ருசி. அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காதவரை. ஒருநாள் கரஸ்பாண்டென்ட் பாதி டீயை உறிஞ்சியிருப்பார், பக்கெட் சார் வந்து நின்றார்.

"என்னா சார், டீ குடிச்சிக்கினு இருக்கீங்களா? ஓரத்துல விரிசல் விட்டிருந்திச்சே, அந்த பீக்கர்லயா போட்டாங்க?"

"ஆமாய்யா, ஏன்?"

"இல்ல, அதுலதான் காலையில மயில்துத்தம் கரைச்சேன்."

கரஸ்பாண்டென்ட் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கும். வாயில் விரலை விட்டு எல்லாவற்றையும் கக்கி, கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தார். பக்கெட் சார் துண்டோடு பக்கத்திலேயே நின்றார்.

"ஒண்ணும் கரைக்கல சார். ஒருவேளை கரைச்சிருந்தா?"

அன்றோடு பீக்கர் டீ ஒழிந்தது. கரஸ்பாண்டென்ட் மனதில் ஒரு கறுவலும் அன்றுதான் ஏறியது.

பக்கெட் சாருக்கு வேறு வேலையும் சுலபமாகக் கிடைக்காது. சித்தூரில் இரண்டு பள்ளிகளில் சண்டை போட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். திருப்பதியில் புதிதாக வந்த பெரிய பள்ளிக்கூடம் ஒன்று அவரைக் கூப்பிட்டது. காலை பஸ்ஸில் போனவர் சாயந்திரமே திரும்பிவிட்டார். "நாலாவது மாடியில லேப் வெச்சிருக்கான் டீச்சரம்மா. ஒரே கதவு, அதுவும் உள்பக்கமா தொறக்குது. அங்க மனுசன் வேலை செய்வானா?" என்றார். அவர் மகன் இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் அது. ஃபீஸுக்கு என்ன செய்வார் என்று நான் கணக்குப் போட்டேன். அவருக்குக் கதவுதான் முக்கியமாகப் பட்டது.

அந்த வருஷம் கரஸ்பாண்டென்ட் லேபுக்கு காஸ் அடுப்பு கொண்டுவந்தார். ஸ்பிரிட் விளக்கெல்லாம் பழசாம். தசரா லீவு விடும் நாளில் லேபுக்குள்ளேயே ஆயுத பூஜை, புது காஸுக்குக் கற்பூர ஆரத்தி, விஜயதசமிச் சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கெல்லாம் அழைப்பு என்று ஏற்பாடு தடபுடலாக நடந்தது.

பக்கெட் சார் போய் நின்றார். "பூஜை பண்ணுங்க சார். கற்பூரத்த மட்டும் வெளிய ஏத்துங்க."

"ஏமய்யா, சரஸ்வதி தல்லிய வராண்டாவுல நிக்க வெக்கச் சொல்றியா?"

"தாயி எங்க வேணா நிப்பா சார். காஸ் நிக்காது."

"கற்பூரம் உள்ளதான் எரியும். குறுக்க வந்தா லீவுக்கு அப்புறம் நீ வரவேணாம். வீட்லயே உக்காந்து பக்கெட்டை கட்டிக்கோ."

பூஜையன்று காலை நான் பள்ளிக்குள் நுழைந்தேன். அடியம்மா! லேபே மைதானத்துக்கு வந்திருந்தது. பீக்கர், பியூரெட், தராசு எல்லாவற்றையும் புளியமரத்தடியில் மேஜை போட்டு அடுக்கி, கும்பம் வைத்து, என் எலும்புக்கூட்டையும் கொண்டுவந்து நிறுத்தி, நெற்றியில் குங்குமம் இட்டு மாலை போட்டிருந்தார்.

"ஆயுதத்துக்குத்தானே பூஜை? ஆயுதம் எல்லாம் இங்க இருக்குது" என்றார் பக்கெட் சார், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல்.

கரஸ்பாண்டென்டுக்கு முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. ஆனால் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். எலும்புக்கூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களும் உண்டு. "பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டு வேறு.

சிலிண்டர் மட்டும் உள்ளே இருந்தது. காஸ்காரர்கள் கடைசி நேரத்தில் வந்து, அவசர அவசரமாக மாட்டி, லேப் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஐயர் கற்பூரம் காட்டி முடித்ததும் கரஸ்பாண்டென்ட் எரிகிற தட்டை வாங்கிக்கொண்டார். "புது காஸுக்கும் காட்டணும் இல்ல?" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, லேபைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே ஊதுவத்தியும் சாம்பிராணியும் ஏந்திக்கொண்டு, தலைநிறைய மல்லிகையோடு ஒன்பதாம் வகுப்புப் பெண்கள். அதில் என் மகளும் இருந்தாள்.

லேப் வாசலில் பக்கெட் சார் நின்றார்.

"சார், வேணாம். இப்பதான் மாட்டினாங்க. சாத்தின ரூம். இந்தப் பூ வாசனையில, புகையில, காஸ் வாசனை வருதா இல்லையான்னு எனக்குத் தெரியல."

"தெரியலன்னா தள்ளு!"

"தெரியலன்னா இருக்குதுன்னுதான் அர்த்தம் சார்."

கரஸ்பாண்டென்ட் கதவில் கை வைத்தார். அவ்வளவுதான். பக்கெட் சார் பக்கெட்டைத் தூக்கிக் கவிழ்த்தார். ஆரத்தித் தட்டு, கற்பூரம், கரஸ்பாண்டென்டின் பட்டு வேட்டி எல்லாம் மண்.

சாமி விளக்கை ஊதி அணைப்பதையே அபசகுனம் என்கிற ஊர் எங்களுடையது. இவர் மண்ணைக் கொட்டி அணைத்திருக்கிறார்! ஐயர் காதைப் பொத்திக்கொண்டார். கரஸ்பாண்டென்ட் கத்தினார். "போய்யா வெளிய! இன்னியோட சரி!"

காஸ்காரர்களை ஓடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழி வரவில்லை. கசிவு இல்லை. இதை நான் மறைத்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கெட் சார் தலையைக் குனிந்து, கீழே கொட்டிய மணலை வாரத் தொடங்கினார். என் மகள் ஓடிப்போய் அவரோடு உட்கார்ந்து வாரினாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்போது புத்தலப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, கூலி வேலை செய்கிறவள், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க? சாமி தட்டு மேலயே மண்ண போட்டாரே, சாமிக்கே பயப்படலியே! இந்த சாரு நம்ம புள்ளைக்கு ஒரு கீறல் ஆவ உடுவாரா? ஐயா, என் புள்ளைய இங்கயே சேத்துக்கோங்க."

"எம் பொண்ணையும்" என்றார் பின்னால் ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கரஸ்பாண்டென்ட் வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டினார். ஒருதரம் கூட்டத்தைப் பார்த்தார், ஒருதரம் பக்கெட் சாரைப் பார்த்தார். வியாபாரி ஐயா, வியாபாரி! முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அதுக்குத்தானம்மா நாங்க இவர வெச்சிருக்கோம்! எங்க ஸ்கூல்ல பத்திரம்தான் மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே சாரின் தோளில் கையைப் போட்டார். வேலை பிழைத்தது. அந்த வருஷம் எங்களுக்கு வகுப்பில் இடம் போதவில்லை.

கூட்டம் கலைந்ததும் எலும்புக்கூட்டை எடுத்து வைக்கப் புளியமரத்தடிக்குப் போனேன். பக்கெட் சார் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆரத்தித் தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டு கற்பூரம் வைத்து, சரஸ்வதி படத்தின் முன்னால் ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமிக்குப் பயப்படாதவர் என்று ஊரே சொன்ன மனிதர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டார்.

"தாயே, மன்னிச்சிடு. புள்ளைங்க கூட இருந்திச்சிங்க. எனக்கு வேற வழி தெரியல."

காற்று அடித்தது. சுடர் படுத்தது. நான் பதறிப்போய் முந்தானையை விரித்து மறைக்கப் போனேன்.

"முந்தானை! டீச்சரம்மா, முந்தானை!" என்று சாமியை விட்டுவிட்டு அலறினார்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். வெறும் கைகளைக் குவித்துப் பிடித்து, அவர் கண்மூடிக் கும்பிட்டு முடிக்கிறவரை அந்தச் சுடரை அணையவிடாமல் நின்றேன்.