நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துக்கு ஆதாரம்

திருவொற்றியூர்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மைத்துனர் நீலமேகம் அவர்களுக்கு தேசப்பன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மலர்க்கொடியும் நலம். மாதவரத்தில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவனை அவமானப்படுத்திவிட்டு நன்றாகத் தூங்குகிறவர்களுக்கு நோய் வருவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன், உங்கள் மகள் மதியின் காதுகுத்தில், பிரியாணிப் பந்தியில் என்னைக் காட்டி, "நம்ம மாப்ள காருக்கு மொத்தமே ரெண்டு கியருதாம்பா கீது!" என்றீர்கள். பந்தியே சிரித்தது. அன்றோடு உங்களுடன் பேச்சை நிறுத்தினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் வேலைக்குப் போகிறவன் மூன்றாவது கியரை எங்கே போய்ப் போடுவான்? ஹார்பர் கேட்டுக்குப் போகும் அந்த லாரி வரிசையை உண்டாக்குவதே உங்களைப் போன்ற டிரெய்லர்காரர்கள்தானே? இப்போது உங்கள் கிரகப்பிரவேச அழைப்பிதழ் வந்திருக்கிறது. அதில் என் பெயர் உங்கள் லாரி கிளீனர் பெயருக்குக் கீழே. இருக்கட்டும். அந்தப் பேச்சை அதே போலப் பந்தியில் வைத்துத் திரும்பப் பெற்றால்தான் வருவேன். ஆதாரம் இணைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் உங்கள் தங்கையும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குப் போனோம். காலையில் பந்தயக் கார்களைப் படம் எடுக்கலாம், மதியம் சொந்தக் காரை ஓட்டலாம் என்று ஒரு கார் சங்கத்தின் ஏற்பாடு. ஐயா, அந்தச் சத்தம்! நெஞ்சுக்குள் உட்கார்ந்து யாரோ தகரத்தைக் கிழிப்பதுபோல! முதல் நாற்பது படங்களில் வெறும் தார்ச்சாலை. நான் பொத்தானை அழுத்துவதற்குள் கார் போய்விட்டிருந்தது. நாற்பத்தொன்றாவதில் ஒரு பின்சக்கரம் சிக்கியது. துள்ளிக் குதித்து, யாரென்றே தெரியாத ஒருவரைக் கட்டிக்கொண்டேன். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் ஒரு மேலாளர்கூட எனக்கு இப்படியொரு சந்தோஷம் தந்ததில்லை.

மதியம் எங்கள் முறை. உள்ளே நுழையும் இடத்தில் எட்டுக் கார்கள் வரிசையாக நின்றன. வரிசையைக் கண்டதும் என் கை தானாகவே இன்ஜினை அணைத்துவிட்டது. நம் பக்கம் வரிசை என்றால் குறைந்தது நாற்பது நிமிடமல்லவா? இறங்கி, பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு, முன்காரில் இருந்தவரிடம், "இன்னாப்பா, ஹார்பர் கேட்ட மூடிட்டானுங்களா?" என்று விசாரித்தேன். அதற்குள் அவர் பறந்துவிட்டார். எட்டுக் கார்களும் பறந்துவிட்டன. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். உங்கள் தங்கை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "யோவ், அங்க கொடி ஆட்டிகினு கீறாங்க, நீ இங்க டீ ஆத்திகினு கீற! ஏறுயா!" என்றாள்.

ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்தேன். "எதிர்ல எவன்யா வரப்போறான், ஒரே பேஜாரா கீது!" என்றாள். லாரி இல்லை, பள்ளம் இல்லை, நிலக்கரித் தூசி இல்லை. இப்படியும் ஒரு சாலை இந்த ஊரைச் சுற்றி இருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிச் சுற்றில், நேர்ப்பாதையில், முள் எண்பதைத் தாண்டியது, தொண்ணூறு, நூறு, நூற்றுப் பன்னிரண்டு! எங்கள் கார்! அந்த முள்ளைத் தெளிவாக நானே எடுத்த படம் இத்துடன் உள்ளது. பந்தியில் எல்லோருக்கும் காட்டவும்.

உங்கள் மனைவிக்கு வணக்கம். மதிக்கு என் ஆசிகள். குழந்தைமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

இப்படிக்கு,
தேசப்பன்

பி.கு.: ஒரு விஷயத்தைச் சேர்க்காவிட்டால் கடிதத்தைத் தபாலில் போட விடமாட்டேன் என்கிறாள் மலர்க்கொடி. படத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் கையில் வளையல்கள் தெரியும். நான் ஓட்டிய இரண்டு சுற்றில் முள் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. "எறங்கி அந்தாண்ட குந்துயா" என்று ஸ்டீரிங்கை அவள் வாங்கிக்கொண்டாள். எங்கே கற்றாய் என்றேன். நான் உங்களுடன் பேசாத இந்த மூன்று வருடமும், ஞாயிறுதோறும் மாதவரம் லாரி நிறுத்தத்தில் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்களாம். விழாவுக்கு வருகிறோம். பந்தியில் எதையும் திரும்பப் பெற வேண்டாம். விழாவுக்கு முந்தின ஞாயிறு உங்களுக்கு ஓய்வுதானே? எனக்கு மூன்றாவது கியரிலிருந்து ஆரம்பித்தால் போதும்.