புளி போட்டுத் தேய்த்த ஜெர்மன் கத்தி

டெக்ஸாஸில் துப்பாக்கிக்குப் பயப்படாதவர்கள் லட்சம் பேர் இருப்பார்கள். உடைவாள் அங்கிளின் பூதக்கண்ணாடிக்குப் பயப்படாத கத்தி வியாபாரி ஒருவர்கூடக் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் இர்விங்குக்கு வேலைக்கு வந்த புதிது. நான் கார் வாங்கிய அன்றே மாடி வீட்டு அங்கிள் வந்து கதவைத் தட்டினார். "தம்பி, சனிக்கிழமை ஃப்ரீயா?" என்றார். அவருக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டுவது என்றால் நடுக்கம். ஆனால் ஊர் ஊராக நடக்கும் கன் ஷோ என்கிற ஆயுதச் சந்தைகளுக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. கெய்சர் மன்னர் காலத்து ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் விழா நாளில் இடுப்பில் தொங்கவிட்ட அலங்காரக் கத்திகளைச் சேர்ப்பதுதான் அவருடைய பைத்தியம். உடைவாள் என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

ஆள் கோபிப் பக்கம். சுத்த சைவம். வெண்டைக்காய் நறுக்கச் சொன்னால் விரலைத்தான் முதலில் நறுக்குவார், பிறகு ரத்தத்தைப் பார்த்துவிட்டு சோபாவில் சாய்ந்துவிடுவார். இவருக்கு எதற்கு இத்தனை கத்தி என்று நான் கேட்டே விட்டேன்.

"இது குத்தறதுக்கு இல்ல தம்பி, கட்டிக்கறதுக்கு. பட்டு வேட்டி மாதிரி."

ஹிட்லர் காலத்துச் சரக்கைத் தொடமாட்டார். ஸ்வஸ்திகா நம்ம வீட்டு வாசலிலும் இருக்கிறதே என்று ஒருமுறை உளறிவிட்டேன். "நம்ம வாசல்ல அது வேற. இந்தக் கத்தியில இருந்தா அது கொலை" என்றார்.

கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு ஆங்கிலம் அடியோடு மறந்துவிடும். கைப்பிடி தந்தமா பிளாஸ்டிக்கா என்று உதட்டில் வைத்துச் சூடு பார்ப்பார். பூதக்கண்ணாடியில் அலகைத் துருவுவார். திருகாணி ஆடுகிறதா என்று கத்தியைக் காதருகே ஆட்டிக் கேட்பார். பிறகு ஜோசியர் ஜாதகத்தை மூடுவதுபோல உறையில் செருகிவிட்டு என்னிடம் தீர்ப்பு சொல்வார். "தலை ஒரு குடும்பம், உடம்பு ஒரு குடும்பம். எவனோ பொருத்தம் பாக்காம கட்டி வெச்சுட்டான். அழுக்குகூட ஷூ பாலீஷ். சொல்லு அவன்கிட்ட."

எதிரே நிற்கும் வியாபாரியோ ஆறரை அடி, தாடி மார்பு வரைக்கும். அங்கிளுக்குக் கத்தி ரொம்பப் பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் வருகிறோம் என்று நான் ஆங்கிலத்தில் சொல்லிவைப்பேன். அந்த நேரம் பார்த்து இவருக்கு ஆங்கிலம் திரும்ப வந்துவிடும். "நான் அப்படியா சொன்னேன்?" என்பார். நாங்கள் பார்க்கிங் லாட்டை நோக்கி வேகமாக நடந்த நாட்கள் பல.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். பழைய கத்தியைத் துடைக்கக் கூடாது. அந்தக் கறுப்புதான் அதன் வயசுக்குச் சாட்சி, அதைத் துடைக்கிறவன் முகத்தில் முழிக்கக் கூடாது என்பார். ஆன்ட்டி கைபடாமல் இருக்க, தன் கத்திகளை எல்லாம் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

ஒரு புரட்டாசியில், கீழ் வீட்டில் தனியாக இருந்த வால்ட்டர் என்கிற பெரியவர் ஒரு கத்தியைக் கொண்டுவந்தார். முதல் உலகப் போருக்குப் போன அவருடைய அப்பா கொண்டுவந்ததாம். அசல்தானா என்று பார்த்துச் சொல்லும்படி கொடுத்துவிட்டுப் போனார். ஜெர்மன் கடற்படைக் கத்தி. கிரீடம் வைத்த பித்தளைப் பிடி, அட்டைக் கறுப்பு. அங்கிள் இரண்டு நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, கல்யாணம் நிச்சயமான குரலில் சொன்னார்: "முழுக்க அசல் தம்பி. ஒரு ஆணிகூட மாத்தல. இந்த ஊருக்கு வந்து இப்பத்தான் இப்படி ஒண்ணைப் பாக்கறேன்." சனிக்கிழமை வால்ட்டரிடம் நேரில் சொல்லப்போவதாகச் சொன்னார். அதுவரை பார்த்துக்கொண்டே இருக்க, கத்தியைப் பீரோவில் வைக்காமல் மேஜை மேலேயே வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை.

சுண்டலுக்காகப் போனேன். பூஜையில் மிக்ஸி இருந்தது, கம்ப்யூட்டர் கீபோர்டு இருந்தது, என் காரின் மாற்றுச் சாவியும் இருந்தது. நடுவில், சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்து, குத்துவிளக்கைத் தோற்கடிக்கும் பளபளப்பில் வால்ட்டரின் கத்தி. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அங்கிள் அதன் எதிரே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"பூஜைக்கு அழுக்கோட வெக்க முடியுங்களா?" என்றார் ஆன்ட்டி. பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஷூ பாலீஷ் போட்டுக் கறுப்பாக்கிவிடலாமே என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன். அங்கிள் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தாடிக்காரர்கள் எல்லாரும் தேவலை என்று தோன்றியது. கத்தியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னால் போனேன். எனக்குப் பின்னால், கூப்பிடாமலே ஆன்ட்டி.

வால்ட்டர் கதவைத் திறந்தார். கத்தி கையில் இருந்தும் அங்கிளுக்கு அன்று ஆங்கிலம் மறக்கவில்லை. இது அசல், அப்பழுக்கில்லாத அசல், மதிப்பே இதன் கறுப்பில்தான் இருந்தது, அதைக் கெடுத்துவிட்டேன், நான்தான் தேய்த்தேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றார்.

ஒரு கத்தியைப் பற்றி அந்த மனிதர் பொய் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

வால்ட்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா இருந்தவரை கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இதைத் தேய்த்து வைப்பாள், அதற்கப்புறம் இதை இப்படிப் பார்த்ததே இல்லை என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இவ்வளவு பளபளப்பு வர எதைப் போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டார்.

அங்கிள் மெல்ல ஆன்ட்டி பக்கம் திரும்பினார்.

"என்னத்தப் போட்டுத் தேச்சே?"

"புளிங்க. கொஞ்சம் கல்லுப்பும்."

வால்ட்டருக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அங்கிளைப் பார்த்தார், படியில் நின்ற ஆன்ட்டியைப் பார்த்தார், சிரித்துவிட்டார். மாடிக்கு வரச்சொல்லி ஆன்ட்டி அவரையும் கூட்டிப்போனார். ஒரு தட்டு சுண்டல் சாப்பிட்டுவிட்டு, ஒரு உருண்டை புளியையும் காகிதத்தில் பொதிந்து வாங்கிக்கொண்டு போனார் வால்ட்டர்.

அவர் போனபின் அங்கிள் சோபாவில் உட்கார்ந்து, போச்சே, போச்சே என்று வெகு நேரம் புலம்பினார். ஆன்ட்டி பக்கத்தில் வந்து, அவர் சட்டையில் அப்பியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். நான் சுண்டலை மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் பூஜைக்கு ஊருக்குப் போக முடியவில்லை என்கிற குறை எனக்கு அன்றோடு போய்விட்டது.