பன்னிரண்டாவது இடத்தில் சபா

பண்டார் தெங்காரா,
திங்கட்கிழமை

பெருமதிப்பிற்குரிய ராஜசேகரன் மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் சாந்தினி பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, லோஷினி, நான் நால்வரும் நலம். அப்பாவின் லோரிக்குப் பிரேக் மாற்றினோம், இப்போது அதுவும் நலம். குளுவாங்கில் உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு எதை அனுப்பினாலும் மூன்று நிமிடத்தில் அது குடும்பக் குழுவுக்கு வந்துவிடுகிறது மாமா, தவறாக நினைக்க வேண்டாம். நேரில் சொல்லலாம் என்றால், உங்கள் முன்னால் நின்றால் எனக்கு “தேத்தண்ணி குடிக்கிறீங்களா மாமா” என்பதற்கு மேல் பேச்சு வருவதில்லை.

விஷயம் லோஷினியின் மேற்படிப்பு. அவளுடைய எஸ்.டி.பி.எம். பரீட்சை முடிவு வந்துவிட்டது. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பன்னிரண்டு தேர்வுகளை வரிசைப்படுத்திப் போட வேண்டும். பரீட்சைக்குத் தொண்ணூறு, விளையாட்டு, சங்கம் முதலிய புறப்பாடத்துக்குப் பத்து என்று கூட்டி, மெரிட் என்று ஓர் எண்ணைக் கொடுப்பார்கள். அவளுக்கு 81.6. அவள் ஆசைப்படுவது மீன் வளர்ப்புப் படிப்பு. கெட்டுப்போன ஐஸ் பெட்டியைக் கொல்லையில் படுக்கவைத்து, தண்ணீர் நிரப்பி, திலாப்பியா வளர்த்தவள் அவள். போன பொங்கலுக்கு வந்தபோது நீங்களே நான்கு மீன் எடுத்துப் போனீர்கள். அந்தப் படிப்புக்குக் கிழக்குக் கரையில் போன வருடம் எண்பத்தாறு கேட்டார்களாம், கடல் தாண்டி சபா மாநிலத்தில் எழுபத்தெட்டு போதுமாம். ஆக அவளுடைய மதிப்பெண்ணுக்கும் ஆசைக்கும் பொருந்துவது சபா ஒன்றுதான். அது எங்கள் பட்டியலில் பன்னிரண்டாவது இடத்தில் இருக்கிறது. மேலே இருக்கும் ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால் பன்னிரண்டாவதை யாரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படிப் போடச் சொன்னவர் அப்பா. வாயைத் திறக்காமல் தட்டச்சு செய்தவள் நான்.

ஆயர் ஈத்தாமில் பூச்சட்டி ஏற்றிக்கொண்டு பெர்லிஸ் வரைக்கும் லோரி ஓட்டுகிறவர் அல்லவா, பட்டியலையும் அப்படியே ஓட்டினார். “மொதல்ல ஸ்கூடாய் போடு மா. அடுத்து பாரிட் ராஜா. அப்புறம் மலாக்கா. நான் எறங்கிப் போற வரிசையில போட்டுக்கிட்டே வா” என்றார். லோஷினி, “அப்பா, இது ரூட் இல்லப்பா, விருப்ப வரிசை” என்றாள். “என் விருப்பமே அந்த வரிசைதான் லா” என்றார். அம்மா இடையில் புகுந்து, “பிள்ள மீனு படிக்கணுங்கிறா, நீங்க கணக்கியல் போடுறீங்களே” என்று கேட்டதற்கு, “மீனுக்கும் கணக்கு வேணும் செல்வராணி” என்று பதில் வந்தது. பிறகு செலவுக்கு வந்தார். “இந்தப் பக்கம் எங்க படிச்சாலும் டீசல் முதலாளியோடது. வாரம் ஒருக்கா நீ சமைச்சதக் குடுத்துட்டு, அழுக்குத் துணிய வாங்கிட்டு வந்துருவேன். சபாவுக்கு என்ன பண்றது? கடல்ல லோரி ஓடுமா? தீபாவளிக்கு பிளேன் டிக்கெட் அறுநூறு வெள்ளி விக்கிறான், அலமாக்!”

இதைப் படித்துவிட்டு அப்பாவை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள் மாமா. அந்தப் பதினோரு இடத்தையும் அவர் நேரில் இறங்கிப் பார்த்திருக்கிறார். எந்த விடுதியில் குழாய்த் தண்ணீர் பழுப்பாக வரும், எங்கே மருந்தகம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது, எந்தக் காவலாளிக்கு இரண்டு பெண் பிள்ளைகள், அதனால் பொறுப்பானவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே பட்டமளிப்பு விழா. லோரி நிறையப் பூச்சட்டியைப் பார்த்த காவலாளி, அலங்காரத்துக்கு வந்தது என்று நினைத்து வாசலைத் திறந்துவிட்டார். அப்பாவும், இவ்வளவு மரியாதையான இடமா என்று மகிழ்ந்து, லோரியை நிறுத்திவிட்டுப் பெண்கள் விடுதியின் வேலி உயரத்தைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் முப்பத்திரண்டு சட்டிகளையும் இறக்கி மண்டபப் படிகளில் அடுக்கி, செடியும் வைத்துவிட்டார்கள். முதலாளி போனில் கத்துகிறார், இங்கே ஒவ்வொரு சட்டிக்குப் பக்கத்திலும் ஒரு குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்பா எப்படி எடுப்பார்? விழா முடியும்வரை நான்கு மணி நேரம் வேலைச் சட்டையோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருக்கிறார். அத்தனை பிள்ளைகளுக்கும் கை தட்டினாராம். வீட்டுக்கு வந்து, “எழுநூத்துச் சொச்சம் பேரு மா, கை வீங்கிப்போச்சு” என்றார். ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். அதைச் சொல்லவில்லை, அம்மாதான் கண்டுபிடித்தார். இப்படி ஒரு தகப்பனை எதிர்த்து எந்தப் பிள்ளையால் பேச முடியும்?

நானும் பேசவில்லை. ஆறு வருடங்களுக்கு முன்னால் எனக்குப் பினாங்கு கிடைக்கும் அளவுக்கு மெரிட் இருந்தது மாமா. நான் அந்தப் பெயரைப் பட்டியலில் போடவே இல்லை. செலவாகும் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஸ்கூடாய்க்குத் தினமும் பேருந்தில் போய்வந்து, நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆனேன். எல்லோரும் பாராட்டினீர்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் லோஷினி என்னைப்போல வாயை மூடிக்கொண்டு கணக்கியல் படிக்கக் கூடாது.

அதனால் ஒரு விண்ணப்பம். பட்டியலைத் திருத்த வரும் ஞாயிறுதான் கடைசி. அன்று காலையிலேயே வந்து அப்பாவிடம் பேசுங்கள். உங்கள் பேச்சு ஒன்றைத்தான் அவர் பாதியில் வெட்டமாட்டார். டிக்கெட்டை மூன்று மாதம் முன்னதாக வாங்கினால் நூற்றெண்பதுக்குக்கூட வரும். வருடத்துக்கு இரண்டு தடவை என் சம்பளத்திலிருந்து நான் வாங்கிக்கொடுக்கிறேன். விடுதிக்கும் கட்டணத்துக்கும் கல்விக்கடன் இருக்கிறது. செலவு நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. தூரமும் பழகிவிட்டால் ஒன்றுமே இல்லை. இரண்டரை மணி நேரம் வானத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தைக்கும் உங்களுக்கும் முருகன் துணையிருக்கட்டும். உங்கள் முழங்காலுக்காகத் தனியாகவும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
சாந்தினி

பி.கு. (செவ்வாய் காலை): உறை தேடி அறைக்குள் போன நேரத்தில் அப்பா வந்து, சாப்பாட்டு மேசையில் இருந்த இந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டார். “இவ்ளோ பேசுவியா நீ?” என்று கேட்டார். அப்புறம் இரண்டாம் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “பினாங்கு ஏன் மா போடல? நான் வாரத்துக்கு ரெண்டு தடவ சட்டி எறக்குற எடம் லா அது” என்றார். நான் வழக்கம்போலத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். அவர் லோஷினியைக் கூப்பிட்டு சபாவை முதல் இடத்தில் போடவைத்தார். அதோடு விட்டிருக்கலாம். அதே பல்கலைக்கழகத்தில் எனக்கும் முதுகலைக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பச் சொல்லிவிட்டார். “தூரம் ஒண்ணுமில்ல, செலவும் பெருசில்லன்னு நீயே எழுதியிருக்க. மூணாம் பக்கத்துல இருக்கு பாரு. ரெண்டு பேரும் போங்க” என்கிறார்.

மாமா, மேலே நான் எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். சபா மிகவும் தூரம். செலவும் பயங்கரம். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது, நான் யாரிடம் பேசுவேன்? நீங்கள் வந்து இதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். நாலரைக்கு ராகுகாலம் என்பதால் ஞாயிறு நான்கு மணிக்கே என் விண்ணப்பத்தை அனுப்பிவிடப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்காக அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம் மாமா. முழங்கால் வலியோடு காலையில் புறப்படுவது நல்லதல்ல. மதியம் நிதானமாகச் சாப்பிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து, ஐந்து மணி வாக்கில் வந்தால் போதும்.